ஸ்பானிய வினைக்கு இரண்டு தட்டு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கோவையில் பம்ப்செட் செய்யும் கம்பெனி ஒன்றில் நாங்கள் இரண்டு டைப்பிஸ்டுகள். நான் கோபிக்காரி, அவள் கோட்டைமேட்டுக்காரி. கம்ப்யூட்டர் வந்து இறங்கியதும், இனி ஒரு நாற்காலிதான் என்று முதலாளி சொல்லிவிட்டார். அதே வாரம், பெரு நாட்டு வியாபாரி ஒருவர் வருவதாகக் கடிதம் வந்தது. அவருக்கு ஸ்பானிஷ் தவிர வேறொன்றும் தெரியாதாம்.

"யாராச்சும் ரெண்டு மாசத்துல படிச்சுப்போடுவீங்களா அம்மணி? இல்லீன்னா மெட்ராஸ்ல இருந்து ஆள் கூப்பிட்டுக்கறேனுங்க" என்றார் முதலாளி. எனக்கு வீம்பு அதிகம். முந்திக்கொண்டு தலையாட்டினேன்.

பழைய புத்தகக் கடையில் ஒரு ஸ்பானிய இலக்கணம் கிடைத்தது. வினைகளைப் பார்த்ததும் பாதி பயம் போய்விட்டது. நாம் 'பேசுகிறோம்' என்றால் யார் என்று விகுதியே சொல்லிவிடும். அவர்களுடைய 'ஆப்லாமோஸ்' என்பதும் அப்படித்தான். 'மோஸ்' அவர்களுடைய 'ஓம்'. வாய்தான் வரவில்லை. மதியச் சாப்பாட்டின்போது நான் 'ஆப், லா, மோஸ்' என்று உடைத்துக்கொண்டிருந்ததைக் கேட்டவள் புத்தகத்தை வாங்கிப் பார்த்தாள்.

"ப்லான்னு சேர்த்துத்தானுங்க கோடு போட்டிருக்கு. ஏன் ஓடறீங்க? சின்னதுல குர்ஆன் ஓதக் கத்துக்கறப்ப எங்களுக்கு நிறுத்தி நிறுத்தித்தான் சொல்லித் தருவாங்க" என்றாள்.

டிபன் பாக்ஸ் மூடியில் மூன்று தட்டு: ஆ, ப்லா, மோஸ். 'திரும்பி வாருங்கள்' என்பதற்கு இரண்டே தட்டு, முதலாவது ஓங்கி, அடுத்தது மெல்ல: வுவெல், வா.

இரண்டு மாதம் அவள் தட்டினாள், நான் சொன்னேன். தன் நாற்காலியைத்தான் எனக்குத் தட்டிக் கொடுக்கிறோம் என்று அவளுக்குத் தெரியும். எனக்கு அது தோன்றக்கூட இல்லை. இன்றைக்கும் அவளை நினைத்தால் கைகூப்பத்தான் தோன்றுகிறது.

வியாபாரி வந்தார். மூன்று நாள் எல்லாம் பார்த்தார், பிடி கொடுக்கவில்லை. கடைசியில் காரில் ஏறப்போனார். வந்தவரைப் போங்கள் என்று அனுப்ப நம் ஊரில் யாருக்கு நாக்கு வரும்? "வாயா, இ வுவெல், வா" என்றேன். போய்விட்டு வாருங்கள். அவர் திரும்பிப் பார்த்தார். எங்கள் ஊரில் 'போகிறேன்' என்று சொல்வதே இல்லை என்று திக்கித் திணறி விளக்கினேன். சிரித்துக்கொண்டே போனார்.

மாதக் கடைசியில் அவளை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். "போயிட்டு வாரேனுங்க" என்று அவள் என்னிடம் சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது.

அடுத்த மாதம் ஃபேக்ஸில் ஆர்டர் வந்தது. அடியில், 'திரும்பி வருகிறேன்' என்ற சொல்லை நான் சொன்ன மாதிரியே இரண்டாகப் பிரித்து, நடுவே கோடு போட்டு எழுதியிருந்தார். கேலிதான். அதை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன்.

"இதுல பாதி அவங்களுதுங்க. நான் ஒருத்தியா சமாளிக்க முடியாதுங்க."

அவர் ஃபேக்ஸை வாங்கி ஆர்டரைப் படித்தார். பிறகு, "சரி, வரச் சொல்லுங்க" என்றார்.

அன்று சாயங்காலமே கோட்டைமேட்டுக்குப் போனேன். அவள் வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. கூப்பிடவில்லை. ஓங்கி ஒன்று, மெல்ல ஒன்று, இரண்டு தட்டு தட்டினேன்.

"வுவெல், வா" என்று உள்ளேயிருந்து அவள் குரல் வந்தது.