சூடேறினால் கரண்ட் விடும் கல்

உலைக்குள் பதிக்கும் ஃபயர் பிரிக் கல்லில் கரண்ட் ஓடுகிறதா என்று பார்ப்பது தொழில். அதைத் தனியாக உட்கார்ந்து பார்ப்பது தண்டனை. மீட்டரோடு குடித்தனம் நடத்தும் சகபாவிகளே, உங்களுக்குத்தான் இது புரியும். பாலிடெக்னிக் முடித்த கையோடு கோயமுத்தூர் கணபதியில் இரும்பு உருக்கும் ஒரு பவுண்டரியில் அப்ரண்டீஸ் ஆனேன். உலை, ஆட்கள், டீ, சிரிப்பு எல்லாம் முன்னால். என் டெஸ்டிங் ரூம் குடோனுக்கும் பின்னால். டேப் ரிக்கார்டருக்குக்கூட அனுமதி இல்லை. மனித வாடைக்கு ஒரே வழி இன்டர்காம்.

கல்லுக்குக் காய்ச்சல்

ஆறிக் கிடக்கும் கல் கரண்டைக் கிட்டவே சேர்க்காது. அதையே சின்ன அடுப்பில் வைத்துச் செக்கச்செவேலென்று காய்ச்சினால், மெல்ல வழி விட்டுவிடும். எங்கள் உலை கரண்டில் ஓடுவது, அங்கே அப்படி விட்டால் ஆபத்து. அதனால் எந்தச் சூட்டில் எவ்வளவு விடுகிறது என்று ஒவ்வொரு லோடிலும் பார்ப்பேன். ஒருநாள் முதலாளியைக் கூப்பிட்டுக் காட்டினேன். காட்டுவது சாக்கு, யாராவது கொஞ்ச நேரம் உட்காரட்டுமே என்றுதான். அவர் நின்றபடியே முள் ஏறுவதைப் பார்த்துவிட்டுக் கிளம்பும்போது சொன்னார்: "பாத்தியா கண்ணு, சூடேறுனா கல்லே வழி உட்டுருது. எங்கூட்டு மாப்பள எத்தன காச்சுனாலும் அசையமாட்டீங்கறார்."

எல்லாரும் நானே

பேச ஆளில்லாதவன் என்ன செய்வான்? எல்லாருமாகத் தானே பேசுவான். இன்டர்காமை எடுத்து, சூப்பர்வைசரின் மூக்குக் குரலில், உலையைப் பார்த்துக்கொள்ளும் மயில்சாமி அண்ணனிடம், "உலைக்குள்ள பூனை குட்டி போட்டிருக்காம், பாருப்பா" என்றேன். டார்ச் எடுத்துக்கொண்டு போனாராம்! அடுத்து முதலாளியின் குரலில் கேண்டீனுக்கு உத்தரவு: எல்லாருக்கும் போண்டா. முன்னால் கூடி உட்கார்ந்து தின்றார்கள். பின்னால் ஒருத்தன் இருக்கிறான் என்று யாருக்கும் தோன்றவில்லை. குட்டு உடைந்ததும் மயில்சாமி அண்ணன் இன்டர்காமில் வந்தார்: "இனி மொதலாளியே பேசுனாலும் நான் நம்பறதா இல்லீங்க சாமி!"

மஞ்சத்தண்ணி

உலையின் உட்சுவருக்குப் புதிதாக மண் இடித்து லைனிங் போட்டால் எங்களிடம் பூஜை உண்டு. தேங்காய் உடைத்து மஞ்சத்தண்ணி தெளிப்பார்கள். அந்த முறை பக்தி முற்றி, குடத்தோடு கவிழ்த்துவிட்டார்கள். ஈர லைனிங் சூடேறும் வரை காத்திருக்காது. அப்போதே கரண்ட் விடும். உலையை ஓட்டியதும், உலைச்சுவரில் கரண்ட் கசிந்தால் காட்டுவதற்கென்று என் ரூமில் இருக்கும் கசிவு மீட்டரின் முள் சரசரவென்று ஏறியது. மயில்சாமி அண்ணன் இந்நேரம் கம்பியால் இரும்புத் துண்டுகளை உலைக்குள் தள்ளப் போவார். கம்பி உள்ளே பட்டால் அவர் கதி?

இன்டர்காமை எடுத்தேன். சூப்பர்வைசர் குரல் செல்லாது. முதலாளி குரலும் செல்லாது. மிச்சமிருந்தது ஒன்றுதான். "பவர ஆஃப் பண்ணுங்க! லைனிங்ல கரண்ட் கசியுது, கம்பிய உள்ள விட்றாதீங்க!" என் சொந்தக் குரலில் கத்தினேன். உலையின் உறுமல் நின்றது. அந்தப் பக்கம் மயில்சாமி அண்ணன், வழக்கமில்லாத பணிவோடு: "நிறுத்திப்போட்டனுங்க சார். கரண்ட் ஆபீசுல இருந்து வந்திருக்கறீங்களா? இந்தக் கொரல இங்க கேட்டதே இல்லீங்களே!"

பவுண்டரியில் அத்தனை பேர் குரலிலும் பேசிய எனக்கு, என் குரலில் பேச ஒரு உலையே கசிய வேண்டியிருந்தது.