முருகன் படத்துக்குப் போன பல்பு

என் மகளுக்கு அப்போது பத்து மாதம். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். கை தட்டினேன், கிண்ணத்தைத் தட்டினேன். ஆடிக் கிருத்திகைக் கூட்டம் பம்பை அடித்துக்கொண்டு எங்கள் தெரு வழியாக மலைக்குப் போனபோதும் அவள் தன் கால் கட்டைவிரலையே ஆராய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்து வீட்டில் பகலெல்லாம் பவர்லூம் ஓடும். அந்த இரைச்சல் காதைக் கெடுத்துவிட்டதோ? வீட்டில் சொன்னால், "படிச்ச பொண்ணுக்கு எல்லாத்துக்கும் பயம்" என்பார்கள். சொல்லாமலே இருந்து, உண்மையில் காது கேட்கவில்லை என்றால்?

என் கணவர் முன்னறையில் ரேடியோ பழுது பார்ப்பவர். ரேடியோவைச் சோதிக்க அவரே ஒரு சிக்னல் ஜெனரேட்டர் கட்டியிருந்தார். தகரப் பெட்டி, முகப்பில் பெரிய குமிழ். திருகினால் தடித்த உறுமலிலிருந்து மெல்லிய கீச்சு வரை எந்த ஒலியும் வரும். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கப் பக்கத்தில் ஒரு சின்னக் குமிழ். நான் இயற்பியல் படித்தவள் என்பதால் அதன் சர்க்யூட்டை வரைந்து காட்டியிருந்தார். கல்யாணமான புதிதில் எங்கள் கொஞ்சல் அந்த லட்சணத்தில் இருந்தது.

அவர் ரேடியோவுக்குக் கண்ணாடி வால்வு வாங்க அரக்கோணம் போன நாளில், பெட்டியோடு ஒரு ஸ்பீக்கரை இணைத்து, குழந்தையின் முதுகுக்குப் பின்னால் வைத்து, சுவிட்சைப் போட்டேன். அவள் திரும்பவில்லை. பெரிய குமிழை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை திருகினேன். அசையவில்லை.

"இன்னா அண்ணி, கடைய நீங்களே தொறந்துட்டீங்களா?" வாசலில் என் நாத்தனார்.

"உனக்குச் சத்தம் கேக்குதா?"

"எந்தச் சத்தம்?"

ஐயோ, இவளுக்குமா என்று ஒரு கணம் நினைத்தேன். அப்புறம்தான் எனக்குமே எதுவும் கேட்கவில்லை என்பது உறைத்தது.

பிளக்கைப் பிடுங்கி, கண்டென்சர்களில் தேங்கிய மின்சாரம் அடங்கட்டும் என்று காத்திருந்து, மூடியைத் திறந்தேன். வால்வுகள் சரியாக இருந்தன. நடுவில் ஒரு ஹோல்டர் மட்டும் காலி.

"இங்க ஒரு பல்பு இருந்துதே?"

"ஆங், நான்தான் எடுத்தேன். உள்ள எரியவே இல்ல, சும்மா குந்திகினு இருந்துது. முருகனுக்கு மாட்டிட்டேன். அங்க பாருங்க, இன்னா ஜோரா எரியுது!"

அது எரிவதற்காக வைத்த பல்பே இல்லை என்று அவளுக்கு விளக்கினேன். வால்வு பெரிதாக்கும் அலையில் ஒரு பங்கு, ரெசிஸ்டர் கண்டென்சர் வழியாகச் சுற்றி மறுபடி அதன் வாசலுக்கே வரும். தன் பேச்சைத் தானே கேட்டு இன்னும் உரக்கப் பேசுகிறவர்கள் எங்கள் வீட்டிலும் உண்டு, யாரென்று சொல்ல மாட்டேன். அந்தப் பாதைக்கு ஒத்துப்போகும் அலை மட்டும் நிலைத்து ஒலிக்கும். ஆனால் கத்தல் எல்லை மீறக் கூடாதே! அதற்காக இன்னொரு பங்கு எதிராக வந்து அடக்கும். அந்த அடக்குமுறையில் கொஞ்சத்தைத் தரைக்குக் கசியவிடுவது பல்பு. ஒலி ஏறினால் அதன் இழை சூடாகும், கசிவு குறையும், அடக்குமுறை கூடும். ஒலி இறங்கினால் நேர்மாறு.

"அடக்குறதுக்கு உதவுற பல்புன்னா, அது இல்லாட்டி இன்னும் கத்தணும் இல்ல?" என்றாள் நாத்தனார். கெட்டிக்காரி.

"இல்ல. பல்பு இல்லாட்டி கசியவே வழியில்ல. மொத்த அடக்குமுறையும் வால்வு தலையிலயே வுழும். வாயே தொறக்காது."

"பாவம், உங்கள மாதிரியே" என்றாள்.

முருகனிடமிருந்து பறிப்பது பாவமோ என்று நின்றேன். குழந்தைக்காகத்தானே? கன்னத்தில் போட்டுக்கொண்டு கழற்றினேன். ஹோல்டரில் மாட்டி, மூடியைப் போட்டு, சுவிட்சைத் தட்டினேன். வால்வு சூடேறும்வரை குழந்தையின் முதுகையே பார்த்திருந்தேன்.

கூவென்று ஒரு சுத்தமான ஒலி. மகள் கட்டைவிரலை விட்டாள். உடம்போடு திரும்பினாள். ஸ்பீக்கரைப் பார்த்துச் சிரித்தாள்.

எனக்குப் பொலபொலவென்று கண்ணீர்.

"இன்னாத்துக்கு அழறீங்க? பாட்டு அவ்ளோ மோசமாவா கீது?"

பயத்தைச் சொன்னேன். "பொறந்ததுலேர்ந்து தறிச் சத்தத்துலயே கீது. நம்ம கைதட்டல் அதுக்கு எம்மாத்திரம்? இது புச்சு, அதான் திரும்புது" என்றாள். ஒலியை நிறுத்திவிட்டுக் குழந்தையைப் பெயர் சொல்லி அழைத்தேன். திரும்பவில்லை.

"எங்க அண்ணன கூப்பிட்டா மட்டும் திரும்புறாரா? அதே ரத்தம்."

ஒலி நின்ற கோபத்தில் மகள் வீறிட்டாள். மறுபடி போட்டேன். அப்போது கணவர் உள்ளே வந்தார்.

"யாரு தொட்டது இத?"

நானும் நாத்தனாரும் ஒன்றாகக் குழந்தையைக் காட்டினோம். அவர் மேற்கொண்டு ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. சின்னக் குமிழைக் கொஞ்சம் தாராளமாகத் திருகியிருந்தேன்.