பாலாற்றில் பிடித்த பாவு

இதைக் கதை என்று நினைத்துப் படிக்க உட்கார்ந்தவர்கள் இப்போதே எழுந்து போகலாம். எனக்குக் கதை கட்ட வராது. எனக்கு வருவது தறி வேலை, அதை விட்டால் ஜீப் ஓட்டுவது. நடந்ததை நடந்த மணியோடு எழுதுகிறேன். ஒரு நிமிடம் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

என் பெயர் தேவேந்திரன். காஞ்சிபுரத்தில் பட்டு நெசவு. பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எரிச்சலில் எழுந்து போய்விடுகிற ஆள் நான். எங்கள் தெருவில் கேட்டுப் பாருங்கள். "அவன்கிட்ட அதெல்லாம் பேசாத, கடிச்சிடுவான்" என்பார்கள்.

ரயில் வருவதற்கு முன்னால் மேற்கே இருந்து பட்டு நூல் மாட்டு வண்டியில் வந்ததாம். பாலாற்று மணலோடுதான் வண்டிகள் வரும் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள். நூல்வண்டித் தடம் என்று அதற்குப் பெயர். மே மாதத்தில் பாலாறு ஆறே இல்லை, பாலைவனம். கண்ணுக்கு எட்டிய வரை வெள்ளை மணலும் சீமைக்கருவேலமும்தான். அந்தத் தடத்தில் ஜீப்பை விட்டு, ஆற்று நடுவில் கூடாரம் போட்டுப் படுக்க வேண்டும் என்று ஏழு மாதமாக எனக்கு ஆசை.

ஜினேஷும் வருவதாக இருந்தது. கூரம் பக்கத்தில் விவசாயம் பார்க்கிறவன், என் பள்ளிக்கூடச் சிநேகிதன். கடைசி நேரத்தில் போர் மோட்டார் புகைந்துவிட்டது என்று கழன்றுகொண்டான். அவன் சமணன். பொழுது சாய்ந்தால் வாயில் எதுவும் போடமாட்டான். "நீ வராததே நல்லதுடா, ராத்திரி பரோட்டாவ நிம்மதியா துன்னுவேன்" என்று சொல்லிவிட்டுத் தனியாகக் கிளம்பினேன்.

மே பதினேழு, சனிக்கிழமை. மாலை 4:40. ஓரிக்கையில் டீக்கடை முன்னால் ஜீப்பை நிறுத்தினேன். ஒரு பெண்மணி ஓடி வந்தார். ஐம்பது வயது இருக்கும். முடிகூட வாரவில்லை.

"தம்பி, ஆத்துல எறங்கப் போறியாபா?"

"ஆமாக்கா. மேக்கால போறேன்."

கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினார். கண்ணாடி போட்ட, ஒல்லியான ஆள்.

"எங்க வூட்டுக்காரரு. வேலாயுதம். என் பேரு நீலாம்பாள், ஐயம்பேட்டை. நேத்து காலைல அஞ்சு மணிக்கு பாவு எடுத்துக்கினு டூவீலர்ல கெளம்புனாரு. ஆத்து வழியா மேக்கால போனா சீக்கிரம்னு. இன்னும் வரலபா. போன் போவல."

"கம்ப்ளைன்ட் குடுத்தீங்களாக்கா?"

"குடுத்தாச்சு. எல்லாரும் தேடிக்கினுதான் இருக்காங்க. நீ மேக்கால போறியே... கண்ல பட்டா ஒரு போன் போடுபா. உயிரோட இருந்தா போதும் எனக்கு."

நம்பரை வாங்கிக்கொண்டேன். "கெடைச்சிடுவாருக்கா" என்றேன். ஆனால் மனசுக்குள் அப்போதே முடிவு கட்டிவிட்டேன். அக்னி நட்சத்திரம். ஒன்றரை நாள். ஆள் போய்ச் சேர்ந்திருப்பார்.

பாவு என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பின்னால் புரியாது. சேலையின் நீளவாக்கில் ஓடுகிற ஆயிரக்கணக்கான இழைகள்தான் பாவு. விடியற்காலையில் அதைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, காய்ந்ததும் ஒரு முனையிலிருந்து உருளையில் சுற்றுவார்கள். மறுமுனையை ஒருவர் இறுக்கிப் பிடித்துக்கொள்ள வேண்டும். சுற்றச் சுற்ற ஒவ்வோர் அடியாக முன்னால் நடக்க வேண்டும். ஆள் குறைந்தால் தெருவில் போகிறவனைக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால், பல் துலக்கிக்கொண்டிருந்தாலும் ஓடிப்போய்ப் பிடிப்போம். பிடித்துவிட்டால், எதிரில் இருப்பவர் 'உடு' என்று சொல்லும் வரை விடக் கூடாது. விட்டால் அத்தனை இழையும் சிக்காகி, ஒரு வீட்டின் ஒரு மாத உழைப்பு போய்விடும். நான் எட்டு வயதிலிருந்து பிடிக்கிறேன். தூக்கத்தில் எழுப்பினாலும் பிடிப்பேன்.

5:15க்கு ஆற்றில் இறங்கினேன். டயரில் காற்றைப் பாதியாகக் குறைத்துவிட்டு, மணலில் மேற்கே போனேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஒரு மணி நேரம் சந்தோஷமாக இருந்தது. பாட்டுப் பாடினேன்.

6:05. மணலில் ஒரு டூவீலர் தடம். எனக்கு முன்னால் நேராக மேற்கே போகிறது. வேறு எந்தச் சுவடும் இல்லை. வேலாயுதமாக இருக்குமோ என்று அதன் பின்னாலேயே போனேன்.

6:32. தடம் நின்றுவிட்டது.

திரும்பவில்லை. வளையவில்லை. அப்படியே நின்றுவிட்டது. வண்டி இல்லை. இறங்கி நடந்த காலடி இல்லை. அதற்கு அப்பால் காற்று வாரிவிட்ட சுத்தமான மணல். "அண்ணா... வேலாயுதண்ணா..." என்று மூன்று தடவை கத்திப் பார்த்தேன். காற்று தடத்தை அழித்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இருட்டிக்கொண்டு வந்தது. அங்கேயே கூடாரம் போட்டேன். ஓரிக்கையிலிருந்து பதினோரு கிலோமீட்டர்.

8:50க்கு ஜினேஷ் போன் பண்ணினான்.

"எங்கடா கீற? தண்ணில நிக்கிறியா?"

"தண்ணியா? சொட்டு இல்லடா. மணலு."

"டேய், நல்லா கேக்குது மச்சான். யாரோ தண்ணில கை அடிக்கிற மாரி..."

"டவர் கோளாறு. வைடா" என்று வைத்துவிட்டேன்.

11:40. வாசனை வந்து விழித்தேன். கஞ்சி வாசனை. பாவுக்குத் தடவுகிற, லேசாகப் புளித்த அரிசிக் கஞ்சி. எங்கள் தெருவில் தினமும் அடிக்கிற வாசனைதான். ஆனால் இங்கே சுற்றிலும் வீடும் இல்லை, விளக்கும் இல்லை. என் சட்டையில் ஒட்டியிருக்கும் என்று நினைத்து, சட்டையைக் கழற்றி முகர்ந்து பார்த்தேன். பெட்ரோல்தான் நாறியது.

1:15. வெளியே வந்தேன். நிலா இருந்தது. மணலில் ஈரம்... சொட்டுச் சொட்டாக. கிழக்கிலிருந்து நேர்க்கோடாக வந்து என் கூடாரத்தின் வாசலில் முடிந்திருந்தது. தொட்டுப் பார்த்தேன். ஐஸ் மாதிரி இருந்தது. மே மாதத்தில்.

அப்போதே கிளம்பியிருக்க வேண்டும். வறட்டுப் பிடிவாதம். உள்ளே போய்ப் படுத்தேன்.

3:31.

"யப்பா... கொஞ்சம் புடிபா..."

என் தெருவில் படுத்திருப்பதாகவே நினைத்தேன். அரைத் தூக்கம். எழுந்தேன். வெளியே போனேன். இடுப்பு உயரத்தில் ஏதோ மினுமினுத்தது. பிடித்தேன். கை தானாக இறுக்கிக்கொண்டது. காலை அகட்டி நின்றேன். அப்புறம்தான் தூக்கம் கலைந்தது.

ஆற்று நடுவில் எதற்குப் பாவு?

என் கையிலிருந்து கிழக்கே போகிறது. நிலா வெளிச்சத்தில் இருபதடி தெரிகிறது. அதற்கு மேல் இருட்டு. ஈரமாக, கனமாக இருக்கிறது. உதறலாம். உதறவில்லை. எதிரில் இருப்பவர் 'உடு' என்று சொல்லவில்லையே... அப்படி ஓடுகிறது என் புத்தி. முப்பது வருஷப் பழக்கம்.

இழுப்பு வந்தது.

ஓர் அடி முன்னால் போனேன்.

நிறுத்தம்.

மறுபடி இழுப்பு. இன்னோர் அடி.

உருளையில் சுற்றினால் இழுப்பு சீராக இருக்கும். இது அப்படி இல்லை. இரண்டு கையாலும் மாற்றி மாற்றிப் பிடிக்கிற இழுப்பு. முழுக் கனமும் அதில் இருந்தது. இழை உள்ளங்கையை அறுத்தது.

"யாரு?" என்றேன்.

மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும்.

"யாருணா அது?"

"வேலாயுதம்பா... ஐயம்பேட்டை... உட்றாதபா."

இருட்டுக்குள் உற்றுப் பார்த்தேன்.

செத்தவன் கூப்பிடுகிறான். எனக்கு அதுதான் தோன்றியது. அது ஒன்றுதான் தோன்றியது. தனக்குத் துணைக்கு என்னை இழுக்கிறான்.

இழுப்பு. ஓர் அடி.

இழுப்பு. இன்னோர் அடி.

"வந்துட்டன்பா... இன்னும் கொஞ்சம்... உட்றாத."

குரல் கிட்டே வந்துவிட்டது. இருட்டின் ஓரத்தில் மணலை ஒட்டி ஒரு கை. ஐந்து விரலும் தெரிந்தன. தோல் வெளுத்து, ஊறிப்போய்...

"உட்றாதபா..."

விட்டேன்.

பாவு கையிலிருந்து சர்ர்ரென்று ஓடியது.

அப்புறம்... தொப்.

தண்ணீரில் விழுகிற சத்தம்.

காய்ந்த ஆற்றில்.

ஜீப்புக்குள் ஏறிக் கதவை அடித்துச் சாத்தியபோது மணி 3:58. விளக்கைப் போட்டேன். மணல். வெறும் மணல். பாவு இல்லை, கை இல்லை. விடியும் வரை விளக்கை அணைக்கவில்லை. நீலாம்பாள் அக்காவின் நம்பரை இரண்டு தடவை எடுத்தேன். என்ன சொல்வது? உங்கள் வீட்டுக்காரர் செத்துவிட்டார், ஆவியைப் பார்த்தேன் என்றா? வைத்துவிட்டேன்.

காலை 9:20க்கு ஜினேஷ் போன் பண்ணினான். "பாவோட காணாம போனாரே வேலாயுதம், அந்த ஆளு கெடைச்சிட்டாராம்டா. ஐயம்பேட்டைக்குக் கீழ, மணல் எடுத்த பள்ளத்துல. பாடிதான்."

நான் படுத்த இடத்திலிருந்து அந்தப் பள்ளம் கிழக்கே இருபது கிலோமீட்டருக்கு மேல். அவர் ஓரிக்கைக்கே வரவில்லை. வீட்டை விட்டுக் கிளம்பின கொஞ்ச நேரத்தில், இருட்டில் தடம் தெரியாமல் வண்டியோடு உள்ளே விழுந்திருக்கிறார். சுற்றிலும் முள்மரம் மூடிக் கிடந்ததால் தேடினவர்கள் கண்ணில் படவில்லை.

நான் போனபோது உடம்பை எடுத்துவிட்டார்கள். பள்ளத்தில் இறங்கி எடுத்த தீயணைப்பு ஆள், இளங்கோவன் என்று பெயர், ஈரத்தோடு ஒரு பக்கமாக உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு நாள் பொணம் இல்லபா இது. விடியகாலதான் உயிர் போயிருக்குது. பாவம், ரெண்டு ராத்திரி உள்ள உசுரோட இருந்துக்குறாரு."

"எப்படிணா?" என்றேன்.

"வுழும்போது வண்டில இருந்த பாவு அவுந்து, ஒரு முனை மேல கருவேல மரத்துல மாட்டிக்கிச்சு. இன்னொரு முனைய கைல சுத்திக்கினு தண்ணில தொங்கிக்கினு இருந்துருக்காரு. கடைசில ஏறியும் வந்துருக்காரு. கரை மண்ணுல வெரலு பதிஞ்சிருக்குது பாரு. இன்னும் ரெண்டு கை புடிச்சிருந்தா மேல வந்துருப்பாரு."

"பாவு அறுந்துடுச்சாணா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அதான்பா புரியல. ஒரு எழ கூட அறுந்துபோவல. மரத்துல கிழிஞ்ச தடமும் இல்ல. புடிச்சிருந்தவங்க உட்ட மாரி இருக்குது."

யாரிடமும் நான் எதுவும் சொல்லவில்லை. ஜினேஷிடம்கூடச் சொல்லவில்லை. மருத்துவமனையிலிருந்து உடலைக் கொடுத்து, எல்லாம் முடிந்து, மூன்றாம் நாள் ஐயம்பேட்டைக்குத் துக்கம் கேட்கப் போனேன். போகாமல் இருக்க முடியவில்லை. நீலாம்பாள் அக்கா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் தெரிந்தது.

"நீ மேக்கால போனியேபா. ஒண்ணும் பாக்கலியா?"

"இல்லக்கா."

துக்க வீட்டில் கை நீட்டுவது போல் கையை நீட்டினேன். அவர் இரண்டு கையாலும் பிடித்தார். பிடித்தவர் விடவில்லை. மெதுவாக என் உள்ளங்கையை மேலே திருப்பினார்.

முப்பது வருஷமாகப் பாவு பிடிக்கிறவர். அந்தக் காயம் எதனால் வரும் என்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இழை ஓடின வரிகள், ஒரு கோடு பக்கத்தில் ஒரு கோடாக, இரண்டு கையிலும். விரலால் ஒரு தடவை அதைத் தடவினார். அழவில்லை. திட்டவில்லை. குரலைக்கூட உயர்த்தவில்லை.

"எத்தினி மணிக்குபா உட்ட?"

"மூணு அம்பத்தெட்டுக்கா" என்றேன்.