சாகண் வரைக்கும் சண்டை

கவலையில்லாத மனுசன், கொடுத்து வைத்தவர் என்று என் கணவரைப் பற்றிச் சொல்லாத சொந்தம் கோயம்புத்தூரில் கிடையாது. தலையணையில் தலை பட்டதும் குறட்டை கிளம்பிவிடும். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தபடியே தூங்குவார். தொண்ணூறுகளின் கடைசியில் புனேவுக்கு வந்தோம். இங்கே கார் வாங்கிய பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியும் தூங்கினார். ஒருநாள் போசரி சிக்னலில் பச்சை விழுந்தும் வண்டி நகரவில்லை. பின்னால் நின்ற லாரிக்காரன் இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டி மராத்தியில் திட்டினான்.

டாக்டர் அவரை ஆஸ்பத்திரியில் ஒரு ராத்திரி தூங்க வைத்துப் பார்த்தார். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது, அதனால்தான் பகலில் கண் சொருகுகிறது என்றார். மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்க ஒரு மெஷின் எழுதிக்கொடுத்தார். அது பழகும்வரை வண்டி ஓட்டக் கூடாது என்றார்.

பழகவேயில்லை. தூக்கத்திலேயே பிடுங்கி எறிந்துவிடுவார். "மூச்சு முட்டுது, என்னால ஆகாது" என்று அதை அலமாரி மேல் ஏற்றிவிட்டார். வேறு மாஸ்க் மாற்றிப் பார்க்கலாம் என்று டாக்டர் கூப்பிட்டதற்கும் போகவில்லை. சரி, கம்பெனி பஸ்ஸிலாவது போங்கள் என்றேன். புனேவுக்கு வெளியே சாகணில் உள்ள ஃபேக்டரியில் மேனேஜர் ஆனவர் தொழிலாளிகளோடு பஸ்ஸில் வந்து இறங்கினால் மரியாதை என்னாவது என்றார். அந்த மரியாதையைத் தூக்கி முத்தா ஆற்றில் போட வேண்டும்.

அதனால் அவரைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்ள, தினமும் காலையில் பாணேரில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து நானும் காரில் ஏறினேன். ஃபேக்டரி கேட்டில் அவர் இறங்கியதும், ஷேர் ஆட்டோவிலும் பஸ்ஸிலும் இடிபட்டு வீடு திரும்புவேன். மாலையில் ஃபேக்டரியில் உடன் வேலை பார்க்கும் ஒருவர் அவரோடு காரில் வருவார், வாய் ஓயாத மனிதர்.

பாட்டுப் போட்டேன், கண் சொருகியது. ஊர்க்கதை பேசினேன், 'ம்' கொட்டியபடியே தலை சாய்ந்தது. ஒருநாள் எரிச்சலில், அவர் தங்கை கல்யாணத்துக்கு என் வளையல்கள் போன கதையை எடுத்தேன். நிமிர்ந்து உட்கார்ந்தார். சாகண் வரைக்கும் ஒரு கொட்டாவி இல்லை. மருந்து கிடைத்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

பிறகு தினமும் சண்டைதான். சமைக்கும்போதே இன்றைக்கு எதைக் கிளறலாம் என்று யோசித்து வைப்பேன். மாமியார், நாத்தனார், கல்யாணத்துக்குப் பிறகு அவர் விடச் சொன்ன என் பாங்க் வேலை. எல்லாம் நாடகம்தான் என்று நினைத்திருந்தேன். பாங்க் வேலையைப் பேசும்போது மட்டும் என் குரல் நடுங்கியது. மறுநாளும் அதையே பேசினேன்.

ஒருநாள் வழியில் மோஷி தாண்டியதும் வண்டியை ஓரம் கட்டினார்.

"நாளையில இருந்து நீ வர வேண்டாம். ஃபேக்டரி போறதுக்குள்ள மனசே செத்துப் போயிருது."

"நீங்க தூங்கிறக் கூடாதுன்னுதானுங்க பேசினேன்."

"அப்ப நீ சொன்னதெல்லாம் பொய்யா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

இப்போது அவர் தனியாகத்தான் போகிறார். கண்ணாடியை ஏற்றி, ஏசியைப் போட்டுக்கொண்டு கிளம்பும்போது முகத்தில் அப்படியொரு நிம்மதி. போய்ச் சேர்ந்ததும் ஒரு மிஸ்டு கால் கொடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். ஞாபகம் இருந்தால் கொடுக்கிறார். வராத நாளில் நானே கூப்பிடலாம். ஆனால் இன்னும் வழியில் இருந்தால் ஓட்டிக்கொண்டே எடுப்பார். அதனால் போனைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறேன்.