ஒத்தை ஆள் படம்

கல்யாணத்துல படம் எடுக்கறவளுக்குக் கூட்டம்தான் சோறு போடும். தெருவுல கருப்பு வெள்ளைப் படம் எடுக்கக் கிளம்பினா அதே கூட்டம்தான் உயிரை வாங்கும். கேமராவும் கையுமா அலையற சக பாவிங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்ல.

தஞ்சாவூர்ல எனக்கு ஒரு சின்ன ஸ்டுடியோ. சென்னையில ஒரு கண்காட்சிக்குப் படம் கேட்டிருந்தாங்க: தெருவுல தனி ஆள், கருப்பு வெள்ளை. "இந்தத் தடவை தேறலைன்னா இந்த அலைச்சலையே விட்டுடறேன்"னு வீட்டுக்காரர்கிட்ட வீராப்பா சொல்லித் தொலைச்சிட்டேன். அவரும் உடனே "சரி"ன்னுட்டார். மனுஷன் ஒரு பேச்சுக்காவது வேண்டாம்னு சொல்லக் கூடாதா!

துணைக்கு வந்தவங்க

தாராசுரத்துல கோயில் மதிலோரமா ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். பின்னால நீளமா கல்சுவர், முன்னால வெறும் தரை, ஓரத்துல அவர் ஒருத்தர். அடடா, இதுக்குத்தானே தவம் கிடந்தேன்னு மண்டி போட்டு ஃபோகஸ் பண்றேன். டீக்கடையிலேருந்து ரெண்டு பேர் விறுவிறுன்னு வந்து, அவருக்கு ஆளுக்கொரு பக்கமா உட்கார்ந்து, வேட்டியைச் சரி பண்ணிக்கிட்டு என்னைப் பார்த்துச் சிரிச்சாங்க.

பத்திக்கிட்டு வந்துச்சு எனக்கு. "அண்ணே, உங்களை யாரு உட்காரச் சொன்னா?"ன்னு கேட்டேன். ஒருத்தர் ரொம்பப் பரிவா சொன்னார்: "ஒத்தையில உக்காந்திருக்காரும்மா, படத்துல நாதியத்தவர் மாதிரி தெரிவாரு. அதான் துணைக்கு வந்தோம். நீ எடும்மா."

பச்சை எங்கே?

பட்டுக்கோட்டையில தேங்காய் மண்டி வாசல். தேங்காய்க் குவியலுக்கு நடுவுல ஒரு அம்மா தனியா நின்னு வியர்வையைத் துடைச்சாங்க. துணைக்கு யாரும் வர்றதுக்குள்ள எடுத்துட்டேன். ஆனா முகம் நிழல்ல போயிடுச்சு. இன்னொண்ணு எடுத்துக்கறேன்னு கெஞ்சினேன். "முதல்ல எடுத்ததைக் காட்டு"ன்னாங்க. திரையைப் பார்த்தாங்க, சேலையைப் பார்த்தாங்க, திரும்பவும் திரையைப் பார்த்தாங்க. "நான் கட்டியிருக்கறது கிளிப்பச்சை. இதுல சாம்பலாத் தெரியுது. மிஷின் கெட்டுப்போச்சு போல, பாவம். ரிப்பேர் பண்ணி எடுத்துக்கிட்டு வா, நான் இங்கதான் இருப்பேன்."

நெல் காயற ரோடு

படம் அனுப்பக் கடைசி நாள். திருவையாறு பக்கம் ஒரு கிராமத்து ரோட்டுல, தாரே தெரியாம நெல்லைக் காயப் போட்டிருந்தாங்க. அந்த நெல்லுக்குச் சொந்தக்காரங்க மல்லிகா அக்கா. காலை இழுத்து இழுத்து நடந்து கிளறிக்கிட்டிருந்தாங்க. கால் போன வழியெல்லாம் நெல் விலகி, தார் கருப்புக் கோடாத் தெரிஞ்சுது.

கேமராவைத் தூக்கினதுதான் தாமதம். அவங்க வீட்டுக்காரர், மாமியார், அக்கம்பக்கம், போதாக்குறைக்கு வந்து நின்ன மினி பஸ் ஜனம், எல்லாரும் நெல்லோரமா வரிசை கட்டிட்டாங்க. மேற்கே மேகம் வேற கறுத்து வந்துச்சு. மழைக்கு முன்னாடி நெல்லை அள்ளியாகணும். "எனக்கு நீங்க மட்டும் இருக்கற மாதிரி ஒரே ஒரு படம் வேணும்க்கா"ன்னு சொல்றப்போ எனக்கு அழுகையே வந்துடுச்சு.

அக்கா இடுப்புல கையை வச்சுக்கிட்டு ஒரு சத்தம் போட்டாங்க பாருங்க! மாமியார் உட்பட அத்தனை பேரும் எனக்குப் பின்னால வந்து கப்சிப்புன்னு நின்னாங்க. நீளமான ரோடு, வரி வரியா கோடு, மேகத்துக்கடியில அக்கா ஒருத்தங்க. எடுத்தேன்! அப்புறம் எல்லாருமா விழுந்தடிச்சு நெல்லை அள்ளினோம். கடைசி மூட்டையைக் கட்டின பிறகுதான் தூறல் போட்டுச்சு. அக்கா மூச்சு வாங்கிக்கிட்டே சொன்னாங்க: "கல்யாணத்துலேருந்து எந்தப் படத்துலயும் யாராவது என் தோளை இடிச்சுக்கிட்டுத்தான் நிக்கறாங்க. இது ஒண்ணாவது எனக்கே எனக்குன்னு இருக்கட்டும்."

சென்னையில

படம் தேறிடுச்சு! நடு ஹால்ல, சுவரை அடைச்சு மாட்டியிருந்தாங்க. என் வீட்டுக்காரர் அந்த 'சரி'யை வாபஸ் வாங்கிக்கிட்டார். மல்லிகா அக்காவைக் குடும்பத்தோட கூட்டிக்கிட்டுப் போயிருந்தேன். படத்துக்கு முன்னால ரொம்ப நேரம் நின்ன ஒருத்தர் கண் கலங்கி என்கிட்ட வந்து, "என்ன ஒரு தனிமை மேடம்! இந்த அம்மாவுக்கு யாருமே இல்லையா?"ன்னு கேட்டார். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள அக்கா முந்திக்கிட்டாங்க: "எல்லாரும் இருக்காங்க சார். கொஞ்ச நேரம் தள்ளி நிக்கச் சொன்னேன், அவ்வளவுதான்."

ஆக, எங்க பக்கத்துல ஒரு ஆளைத் தனியா எடுக்கணும்னா, முதல்ல ஊரையே கூட்டி உங்க முதுகுக்குப் பின்னால நிறுத்திக்கணும்.