போகித் தீயில் போட்ட டிவி

பழுதான டிவியைப் போகித் தீயில் போட்டேன். மின்னணுக் கழிவுகளைத் தனியாக வாங்கிக்கொள்ளும் இடம் ஊரில் உண்டு என்று எனக்குத் தெரியும். ஆட்டோ பிடித்துக் கொண்டுபோகச் சோம்பல்.

எதிர்வீட்டு நெசவாளர், மகளின் கல்யாணப் புடவைக்காக அவள் ஆசைப்பட்ட சந்தன நிறப் பட்டு நூலை, தறியில் ஏற்றும் முன் பாவாகத் தெருவில் நீட்டிக் கட்டியிருந்தார். டிவியின் பிளாஸ்டிக் எரிந்த கரி காற்றில் பறந்து அந்த நூலில் படிந்தது. துடைக்க ஓடினேன்.

"தொடாதீங்க சார், தேய்ச்சா இன்னும் பரவும்" என்றார் அவர்.

அவர் மனைவி, "கிழிஞ்ச பாயக் கொளுத்துவாங்க, டிவியவா கொளுத்துவாங்க? படிச்சவருதானே நீங்க?" என்றார்.

டிவியின் உருகிய மிச்சத்தை அன்றே மின்னணுக் கழிவு வாங்கும் இடத்தில் சேர்த்தேன். கரிக்கறை தெரியாமலிருக்கப் பாவுக்கு அரக்கு நிறச் சாயம் ஏற்றித்தான் நெய்தார்கள்.

கல்யாணத்தன்று மணப்பெண் என்னிடம், "அரக்கும் நல்லாத்தான் இருக்குது சார். சாப்ட்டுட்டுப் போங்க" என்றாள்.

அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன்.