ஞாயிற்றுக்கிழமை வழி

வீட்டிலிருந்து கடைக்குப் போகிற வழியைப் படமாக வரைந்து வரச் சொன்னார்களாம் பேத்தியின் பள்ளிக்கூடத்தில். "நீ வரஞ்சு குடு பாட்டி" என்று அட்டையை நீட்டினாள். கைவலி என்று பொய் சொன்னேன். அவளுடைய கலர் பென்சிலில் மெழுகு வாசம். நான் ஆயுளில் வரைந்த ஒரே படத்தில் அவரையிலை வாசம் வரும்.

எழுபதுகளில், கம்பத்துக்கு மேலே கேரள எல்லையில், கம்பம்மெட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஏலத்தோட்டம். ஒரே அறைப் பள்ளிக்கூடம். நான் நாலாம் வகுப்பு. அதோடு படிப்பும் என்னைக் கும்பிட்டு அனுப்பிவிட்டது. சார் சமவெளியிலிருந்து புதிதாக வந்தவர். பூகோளப் புத்தகத்தை மூடிவிட்டு, "கங்கை எங்கிட்டுப் போனா நமக்கென்ன? உங்களுக்கு நல்லாத் தெரிஞ்ச ஒரு வழியப் போட்டுட்டு வாங்க" என்றார். பச்சைக்கு அவரையிலை, சிவப்புக்குச் செங்கல் தூள், பாதைக்கு அடுப்புக்கரி.

மற்றவர்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்குக் கோடு இழுத்தார்கள். அவ்வளவு குட்டை வழி எனக்கு எதற்கு? அம்மா ஞாயிற்றுக்கிழமை போய்வரும் வழியைப் போட்டேன்.

அப்போது தமிழ்நாட்டு அரிசியை அனுமதியில்லாமல் எல்லை தாண்டிக் கொண்டுவரக் கூடாது. தோட்டக் கூலிகளுக்குக் கட்டிய எங்கள் லயத்து வரிசை வீடுகளில் ரேஷன் அரிசி பாதி வாரத்தில் தீர்ந்துபோகும். அம்மா கம்பத்துக்கு இறங்கி, அரிசிப் பைகளை வயிற்றைச் சுற்றிக் கட்டிச் சேலையால் மூடிக்கொண்டு, சோதனைச் சாவடிக்குத் தெரியாமல் காட்டு வழியே ஏறி வருவாள். ஆக, எங்கம்மா ஞாயிற்றுக்கிழமை மட்டும் எட்டு மாதம். திங்கட்கிழமை தட்டை வயிற்றோடு ஏலக்காய் பறிக்கப் போவாள். சிரிக்காதீர்கள். பக்கத்து வீட்டு அக்கா ஒருத்தி இப்படி வந்து பிடிபட்டாள். பத்து நாள் கழித்து வீடு வந்தவள், அப்புறம் யார் முகத்தையும் பார்த்துப் பேசவில்லை.

வெடித்த பாறை, பலாமரம், ஊற்று, அட்டை கடிக்கும் காடு, எல்லாவற்றையும் போட்டேன். போதாததற்கு நடுவில் வயிற்றோடு அம்மாவையும் போட்டேன்.

"யாரு இது?"

"எங்கம்மா சார்."

"மாசமா இருக்காங்களா?"

"ஞாயித்துக்கிழமை மட்டும் சார்."

சார் விழுந்து விழுந்து சிரித்து, படத்தைச் சுவரில் மாட்டினார்.

மறுநாள் மழை. சாவடிக் காவலர் தன் மகளுக்குக் குடை கொண்டுவந்தார். அவளும் எங்கள் வகுப்புதான். வாசலில் நின்றவர் சுவரைப் பார்த்தார். உள்ளே வந்து, விரலைப் படத்தில் வைத்து, கம்பத்திலிருந்து மெதுவாக மேலே ஏற்றினார். அந்த விரல் என் கழுத்தில் ஏறுவது போலிருந்தது.

"ஆரா இது வரச்சது?" என்று மலையாளத்தில் கேட்டார்.

சார் பெருமையாக என்னைக் காட்டினார். என் பாவாடை நனைந்தது, மழையால் அல்ல.

காவலர் குனிந்தார். "மோளே, பலா அவிடே அல்ல. ஊத்து தாண்டிட்டாணு வரும்." கரித்துண்டை எடுத்து, மரத்தை அழித்து, ஊற்றுக்கு அப்பால் சரியான இடத்தில் போட்டார். மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

"பாத்தியா, எவ்வளவு பொறுமையாத் திருத்திக் குடுத்தாரு" என்றார் சார்.

சாயங்காலம் அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அழுதுகொண்டே சொன்னேன். அடிப்பாள் என்று முதுகைக்கூடக் காட்டினேன். அவள் கை மட்டும் நின்றது.

"சிரிச்சானா?"

"இல்லம்மா."

"கோவப்பட்டானா?"

"இல்ல. நம்ம சாரு மாதிரி சொன்னாரு."

"அப்ப அவனுக்கு எல்லாம் தெரியும்டி" என்றாள் அம்மா. அவள் முகத்தில் நான் அதுவரை பயத்தைப் பார்த்ததில்லை.

அடுத்த ஞாயிறு அவள் வேறு வழியில் போனாள். எந்த வழி என்று கேட்டேன். "ஒனக்கு ஒன்னும் தெரிய வேணாம்." மத்தியானத்திலிருந்து பாறைமேல் உட்கார்ந்திருந்தேன். சார் நாலு திசையும் சொல்லிக்கொடுத்திருந்தார். எந்தத் திசையைப் பார்த்து உட்காருவதென்று எனக்குத் தெரியவில்லை. இருட்டும் நேரத்தில் என் முதுகுப் பக்கமிருந்து வந்தாள், காலெல்லாம் முள் கீறி. அதற்குப் பிறகு எத்தனையோ ஞாயிறு அப்படித்தான் விடிந்தது, அப்படித்தான் இருட்டியது.

பிறகு அந்தச் சட்டம் போயிற்று. அரிசி லாரியில் வந்தது. லயங்கள் இடிந்தன. நான் வரைந்த பாதையில் இன்று முள்வேலி போட்ட விடுதி நிற்கிறது.

அம்மா படுக்கையில் விழுந்த வருடம் கேட்டேன், "இப்பவாவது சொல்லும்மா, எந்தப் பக்கமா வந்த?"

அம்மா தலையைத் தூக்கி வாசலைப் பார்த்தாள். வாசலில் யாருமில்லை.

"மெதுவாப் பேசுடி" என்றாள்.

அந்த வழி எங்கே இருந்தது என்று சொல்ல இப்போது ஒருவருமில்லை.